ஆடிப்பட்டத்தை ஐப்பசிக்குத் தள்ளி வைங்க தம்பி

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேனுங்க, படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க, 14 வருசத்துக்கு முன்ன நானும் இதே கூத்தத்தான் அடிச்சேன். கோபியில இருந்து ஜூலைல மெல்பர்ன் வந்து, ஊருக்கு மேக்கால டார்னீட்ல வாடகை வீடு புடிச்சு, பொடக்காளி சும்மா கெடக்குதேன்னு ஆடி நோம்பியன்னைக்கு வெண்டை, கத்திரி, பீர்க்கன்னு போட்டுட்டீங்க. 3 வாரமாச்சு ஒண்ணுகூட மொளைக்கல, மண்ணுல சத்து இல்லையா, கடை விதை பழசா, அம்மாகிட்டச் சொல்லி ஊர்ல இருந்து விதை அனுப்பச் சொல்லட்டுமான்னு கேக்கறீங்க.

பட்டந்தானுங்க தப்பிப் போச்சு, மண்ணு மேலயும் விதை மேலயும் பழி போடாதீங்க. விதைச்ச எடத்துல வெரல விட்டுத் தோண்டிப் பாருங்க, வெண்டை விதை கையில எடுத்தா கொழகொழன்னு நசுங்கும். வெண்டைக்கு மண்ணு 20 டிகிரியாவது சூடா இருக்கோணும், தக்காளிக்கு 15க்கு மேல, இப்ப இங்க மண்ணு 10, 11ல நிக்குது, அதுல விதை தூங்காது, அழுகித்தான் போகும். ஊர்ல ஆடின்னா பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்தும் சாரலும் வந்து பூமி நனைஞ்சு, ஆனா சூடு குறையாம இருக்கும். இங்க ஆடிதான் நடுக்குளிர். வெளிச்சமும் அப்படித்தான், கோயமுத்தூர்ல வருசம் பூரா பகல் ஒரு மணி நேரம் முன்னப் பின்ன வித்தியாசப்படும், அவ்வளவுதான். இங்க ஜூன்ல ஒம்பதரை மணி நேரம், டிசம்பர்ல பதினாலே முக்கால் மணி நேரம். செடிக்கு இது தெரியுது, நமக்குத்தான் ரெண்டு மூணு வருசம் ஆகுது.

அதனால ஆடில செய்யற வேலைய ஐப்பசிக்குத் தள்ளுங்க. இங்கத்த ஆளுங்க மெல்பர்ன் கப் அன்னைக்குத் தக்காளி நடோணும்னு சொல்லுவாங்க, நவம்பர் மாசம் முதல் செவ்வாக்கெழமை குதிரைப் பந்தயம், அன்னைக்கு லீவு, அதான் அவங்களுக்கு ஆடி நோம்பின்னு வெச்சுக்கங்க. அடுத்த வாரம் பாருங்க, செப்டம்பர் பொறந்ததும் கடை வாசல்லயே தக்காளி நாத்த அடுக்கி வெச்சிருப்பாங்க, வாங்கிட்டு வந்து நட்டீங்கன்னா ஒரு மாசம் அப்படியே மொறச்சுட்டு நிக்கும். என் முதல் வருசம் அப்படி 6 நாத்து வாங்கி நட்டு, ஒரு ராத்திரி குளிர்ல எலையெல்லாம் கறுத்துப் போயி, மறுபடியும் அதே கடைக்குப் போய் அதே நாத்த வாங்குனேன்.

கத்திரியும் மொளகாயும் மெதுவா வளர்றது, அதுகள மட்டும் செப்டம்பர்ல வீட்டுக்குள்ள தயிர் டப்பாவுல போட்டு சன்னலோரம் வெச்சுருங்க. வெண்டை, தட்டங்காய், பீர்க்கு, பாகல் எல்லாம் நவம்பர் கடைசி. எடமும் முக்கியமுங்க, இங்க சூரியன் வடக்குப் பக்கம் சாஞ்சுதான் போகும், வீட்டுக்குத் தெக்க நீங்க என்ன போட்டாலும் குளிர்காலத்துல வெயிலே படாது. வடக்குப் பாத்த செவுரு இருந்தா அதான் உங்க நல்ல வயலு.

மண்ணப் பத்தி கேட்டீங்கல்ல, நம்ம மேக்குப் பக்கம் பூராவும் எரிமலைப் பாறையில இருந்து வந்த களிமண்ணு, எங்க உடுமலைப் பக்கம் கரிசக்காட்டுல பொறந்தவளுக்குப் பாத்ததும் தெரிஞ்சுருச்சு. நனைஞ்சா செருப்பப் புடிச்சு இழுக்கும், காஞ்சா வெரல் போற அளவுக்கு வெடிக்கும். ஈரமா இருக்கறப்ப கொத்தாதீங்க, கல்லாட்டம் ஆயிரும். ஜிப்சம், கம்போஸ்ட் போட்டு பாத்திய மேடாக் கட்டுங்க. புது வீடுகள்ல மேல்மண்ண வழிச்சுட்டுப் போயிருப்பாங்க, அடிமண்ணும் ஜல்லியுந்தான் மிச்சம், அப்படி இருந்தா ஒரு வருசம் பொறுமையா ஏத்தித்தான் ஆகோணும். மண்ணு காயாம மேல பரப்பற மூடாக்குக்குக் கடையில லூசர்ன்னு ஒரு கட்டு விப்பாங்க, வாங்கிப் பிரிச்சுப் பாத்தா எங்கப்பா எருமைக்கு அறுத்துப் போட்ட அதே குதிரைமசால்! கரும்புச் சோகையையும் பாக்கெட் கட்டி விக்கறாங்க, நாம ஊர்ல நெருப்பு வெச்சுக் கொளுத்துனது.

டிசம்பர், ஜனவரி நல்லா ஓடும், நடுவுல வடக்க பாலைவனத்துல இருந்து காத்து வரும் பாருங்க, அதான் பயம். ஊர்ல காத்துன்னா குளுகுளுன்னு இருக்கும், இங்க வடக்கத்திக் காத்து அடுப்புக் கதவத் தொறந்தாப்ல. 2009 பிப்ரவரி 7ம் தேதி 46.4 டிகிரி போச்சு, நாங்க வர்றதுக்கு முன்ன. நான் பாத்த 43 டிகிரி நாள்லயே தக்காளி எலை பொரிச்ச அப்பளமாட்டம் ஆயிருச்சு, சாயந்தரம் தெக்கத்திக் காத்து திரும்பி ஒரு மணி நேரத்துல ஸ்வெட்டர் போட வெச்சுருச்சு. அந்த மாதிரி நாளுக்கு மொத நாளே நிழல் வலை கட்டி, ராத்திரியே தண்ணி விட்ருங்க. ஸ்பிரிங்க்ளர் போடறதா இருந்தா இங்கத்த சட்டப்படி சாயந்தரம் 6ல இருந்து காலைல 10 வரைக்குந்தான், கையில ஹோஸ் புடிச்சு விடறதுக்கு நேரம் இல்ல, ஆனா முனையில, அமுக்குனாத்தான் தண்ணி வர்ற ட்ரிகர் இருக்கோணும்.

மாசில காய் கொட்டும், பீர்க்கு வேண்டாம்னு சொன்னாலும் காய்க்கும், பக்கத்து வீட்டு கிரேக்க அம்மா கூட என்னையப் பாத்தா கதவச் சாத்தும். தக்காளிய அரைச்சு ஃப்ரீசர்ல வைங்க, கத்திரிய வத்தல் போடுங்க, இங்கத்த வறண்ட வெயிலுக்கு ரெண்டே நாள்ல காயும். அரசாணிக்காய், அதான் பரங்கி, ஒரு கொடி கட்டாயம் விடுங்க, அதைக் காம்போட அறுத்து வெச்சா ஆடி வரைக்கும் வரும், குளிர்காலத்துல அரிசியும்பருப்புக்குத் தொட்டுக்க அந்தப் பொரியல்தான் எங்களுக்கு.

பங்குனியில இருந்து வேற வெள்ளாமை. கொத்துமல்லி, வெந்தயம், பாலக், பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் அப்பத்தான் வரும், கொத்துமல்லி கோடையில போட்டா தழை வர்றதுக்குள்ள பூவெடுத்துரும். பூண்டு சித்திரையில ஊனுனா கார்த்திகைல புடுங்கலாம். கோசுக்கு வலை போடுங்க, வெள்ளப் பட்டாம்பூச்சி அழகா இருக்குதேன்னு விட்டா பச்சப் புழு ஓட்டையாப் போட்டுரும்.

விதை விசயம், அம்மாகிட்ட வேண்டாம்னே சொல்லுங்க. இந்த நாட்டுல விதைக்குச் சட்டம் ரொம்பக் கண்டிப்பு, ஏர்ப்போர்ட்டுல டிக்ளேர் பண்ணாம மாட்டுனா ஃபைன். நம்ம காய் விதையெல்லாம் இங்கயே வாங்கலாம், நம்மாளுங்க ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்குவாங்க. கறிவேப்பிலை மட்டும் தொட்டியில வைங்க, குளிர்ல எலையெல்லாம் கொட்டி குச்சியா நிக்கும், செத்துப் போச்சோன்னு வெசனப்பட்டு தண்ணி ஊத்திடாதீங்க, வேர் அழுகறதே அதனாலதான். நான் அப்படி ரெண்டு கொன்னிருக்கேன்.

இப்ப கையி சும்மா இருக்காதுன்னா அந்தப் பாத்தியவே கெளறி விட்டு முள்ளங்கியும் பாலக்கும் தூவி விடுங்க, நத்தை வராமப் பாத்துக்கங்க, நவம்பருக்குள்ள அறுத்துட்டு வெண்டைக்கு எடம் விட்ருலாம்.