ரிசீவர் கனெக்டட், ஆனால் மேப்பில் புள்ளி நகரவில்லை: அப்டேட்டுக்குப் பிறகு என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கே செடி பட்டுப்போயிருக்கிறது, எங்கே மறுநடவு செய்தோம் என்பதை ஐபேட் மேப்பில் குறித்துவருகிறோம். எங்களுடையது வைஃபை மட்டும் உள்ள ஐபேட், அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது. அதனால் ப்ளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றை இணைத்து வைத்திருந்தோம். போன வாரம் ஐபேட் இரவோடு இரவாக அப்டேட் ஆகிவிட்டது. அன்றிலிருந்து ரிசீவர் 'கனெக்டட்' என்றுதான் காட்டுகிறது, ஆனால் நீலப் புள்ளி அசையவில்லை. ரிசீவர் போய்விட்டதா? புதிது வாங்க வேண்டுமா? பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

பதில்: புதிது வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் ரிசீவர் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

'கனெக்டட்' என்றால் இரண்டு கருவிகளும் ப்ளூடூத்தில் இணைந்திருக்கின்றன என்பது மட்டும்தான். அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. ரிசீவர் செயற்கைக்கோள்களைப் பிடித்து இடத்தைக் கணக்கிட வேண்டும். ஆப்பிள் வகுத்திருக்கும் துணைக்கருவி முறைப்படி அதை ஐபேடுக்கு அனுப்ப வேண்டும். ஐபேட் அதைத் தன் லொகேஷன் சர்வீஸுக்குள் ஏற்க வேண்டும். கடைசியில் உங்கள் மேப் ஆப்புக்கு அதைப் பார்க்க அனுமதி இருக்க வேண்டும். ரிசீவர்கள் இடத்தகவலை எழுதும் என்எம்இஏ 0183 வடிவம் 1980களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. அப்டேட்டால் அது மாறுவதில்லை. அதை உள்ளே வாங்கும் மென்பொருளும் அனுமதிகளும்தான் மாறுகின்றன.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 2015 ஏப்ரலில் ஐஓஎஸ் (அப்போது ஐபேடிலும் ஓடிய ஆப்பிள் இயங்குதளம்) 8.3 வந்தபோது அமெரிக்காவில் சிறு விமானம் ஓட்டும் பைலட்டுகள் பலர் இதே சிக்கலில் மாட்டினார்கள். வெளி ரிசீவர் இணைந்திருக்கும், ஆனால் ஐபேட் அதன் இடத்தகவலைப் பயன்படுத்தாது. ரிசீவர் தயாரிப்பாளர்கள் அப்டேட் செய்ய வேண்டாம் என்று எச்சரித்தார்கள். ஜூன் இறுதியில் 8.4 வந்த பிறகுதான் நிலைமை சரியானது. ஆகவே தவறு உங்கள் பக்கம்தான் இருக்கும் என்று எண்ணி மனம் தளர வேண்டாம். ஆனால் தவறு ஆப்பிளுடையதுதான் என்று முடிவுகட்டுவதற்கு முன் சிலவற்றைச் சோதித்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் ரிசீவர். அதை அணைத்து, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். சில்வர் ஓக் நிழலில் வேண்டாம். சில மாதங்கள் சும்மா கிடந்த ரிசீவர் என்றால் கால் மணி நேரமாவது விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் முழுத் தகவல் தொகுப்பையும் அனுப்பி முடிக்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அப்புறம் தயாரிப்பாளரின் ஆப்பைத் திறந்து, எத்தனை செயற்கைக்கோள்கள் பிடிபட்டிருக்கின்றன என்று பாருங்கள். அங்கே எண்ணிக்கையும் அட்சரேகை, தீர்க்கரேகையும் வந்தால் ரிசீவர் நலம். அதே ஆப்பில் ரிசீவருக்கான ஃபர்ம்வேர் (ரிசீவருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய ஐஓஎஸ் மாற்றங்களுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதில்தான் தீர்வு தருகிறார்கள். சார்ஜ் நிறைய இருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள்.

அடுத்து இணைப்பு. ஐபேடின் ப்ளூடூத் பட்டியலில் ரிசீவரின் பெயருக்கு அருகில் உள்ள குறியைத் தொட்டு 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்' கொடுங்கள். இரண்டையும் அணைத்துப் போட்டு, ப்ளூடூத்தில் புதிதாக இணையுங்கள். முன்பு வேறொருவரின் போனோடு அந்த ரிசீவரை இணைத்திருந்தால், அந்தப் போன் பக்கத்தில் இருக்கும்போது அது அங்கே ஒட்டிக்கொள்ளக்கூடும். சோதனை முடியும்வரை அந்தப் போனில் ப்ளூடூத்தை அணைத்து வையுங்கள்.

மூன்றாவதுதான் நான் முக்கியமாகச் சந்தேகிக்கும் இடம். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'லொகேஷன் சர்வீசஸ்' சென்று உங்கள் மேப் ஆப்பைத் தொடுங்கள். 'வைல் யூசிங்' என்று இருக்க வேண்டும். அதற்குக் கீழே 'பிரிசைஸ் லொகேஷன்' ஆனில் இருக்க வேண்டும். 2020-ல் ஐஓஎஸ் 14-உடன் வந்த இந்தச் சுவிட்ச் அணைந்திருந்தால், ஆப்புக்குப் பல கிலோமீட்டர் அகலமுள்ள தோராயமான இடம்தான் போகும், அதுவும் எப்போதாவது ஒருமுறைதான். தோட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தாலும் புள்ளி அசையாது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இது அப்படியே பொருந்துகிறது. எல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், 'ஜெனரல்' கீழே கடைசியில் உள்ள ரீசெட் பகுதியில் 'ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி' கொடுங்கள். ஆப்கள் எல்லாம் மறுபடி அனுமதி கேட்கும். 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதைத் தொட்டுவிடாதீர்கள், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும்.

வைஃபை வழியாகத் தகவல் அனுப்பும் ரிசீவர் வைத்திருப்பவர்கள் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதியைப் பார்க்க வேண்டும். அதுவும் ஐஓஎஸ் 14-ல் வந்ததுதான். ஒரு முறை அவசரத்தில் 'டோன்ட் அலவ்' தட்டியிருந்தால் போதும், ஆப்புக்கு ரிசீவர் கண்ணிலேயே படாது. ஆண்ட்ராய்டில் வேறு இரண்டு இடங்கள்: 12-ஆம் பதிப்பு முதல் வந்த 'நியர்பை டிவைசஸ்' அனுமதி ஒன்று, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'மாக் லொகேஷன் ஆப்' (வெளி ரிசீவரின் இடத்தைப் போனுக்குக் கொடுக்கும் ஆப்) தேர்வு மற்றொன்று.

இனி சோதிக்கும் முறை. ஆபீஸில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். வைஃபை ஐபேட் சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களை வைத்தே ஓர் இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடும். புள்ளி சரியான இடத்தில் நிற்பதைப் பார்த்து ரிசீவர் வேலை செய்கிறது என்று நம்பி ஏமாந்துவிடுவோம். வைஃபையை அணைத்துவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். அணைப்பதையும் செட்டிங்ஸுக்குள் போய்ச் செய்ய வேண்டும். திரையின் மேலிருந்து இழுக்கும் கன்ட்ரோல் சென்டரில் தட்டினால் நெட்வொர்க் இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படும், இடம் கண்டுபிடிக்க வைஃபை தொடர்ந்து உதவிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும், தயாரிப்பாளரின் ஆப்பில் இடம் தெரிகிறது, எந்த மேப் ஆப்பிலும் தெரியவில்லை என்றால் சிக்கல் ஐபேடின் மென்பொருளில்தான். அப்போது பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்ற கேள்வி வருகிறது. நடைமுறையில் முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு வந்து ஓரிரு வாரங்களில் பழையதை நிறுவ ஆப்பிள் ஒப்புதல் தருவதை நிறுத்திவிடும். அந்த இடைவெளிக்குள் திரும்பினாலும், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழையதில் ஏற்ற முடியாது.

தீர்வு வரும்வரை வேலை நிற்க வேண்டியதில்லை. உங்கள் ரிசீவருக்குத் தானே தடத்தைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதை ஓடவிட்டு, மாலையில் ஜிபிஎக்ஸ் (தடத்தைச் சேமிக்கும் வடிவம்) கோப்பாக மேப்பில் ஏற்றலாம். ரிசீவரிடமிருந்து நேரடியாகத் தகவல் வாங்கும் கள ஆய்வு ஆப்களும் உண்டு. தயாரிப்பாளரிடம் கேட்டால் உங்கள் மாடலுக்கு ஒத்துப்போவதைச் சொல்வார்கள். அவர்களுக்கு எழுதும்போது ஐபேட் மாடல், ஐபேட்ஓஎஸ் பதிப்பு எண், ரிசீவரின் ஃபர்ம்வேர் எண், மேலே சொன்ன சோதனைகளின் முடிவு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் வந்து சேர நாளாகும்.

'ஜெனரல்', 'சாஃப்ட்வேர் அப்டேட்', 'ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்' சென்று தானாக நிறுவுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள் அவசியம். உங்கள் ரிசீவரோடு ஒத்துப்போகிறது என்று தயாரிப்பாளர் உறுதி செய்த பிறகு, வேலை இல்லாத நாளாகப் பார்த்து நீங்களே நிறுவுங்கள்.

என்றாவது ஐபேடை மாற்றும்போது செல்லுலார் மாடலாக வாங்குங்கள். அதில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது, சிம் போடாவிட்டாலும் வேலை செய்யும். ஒரு செடி வரிசையைக் குறிக்கும் அளவுக்கு அது துல்லியமாக இருக்காது என்பதால் ரிசீவரைத் தூக்கிப்போட வேண்டாம். ஆனால் ரிசீவர் மக்கர் செய்யும் நாளில் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதாவது தெரியும்.