ஜகாத் முறையால் வறுமை உண்மையிலேயே குறையுமா?

குறையும். ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம்கள் வருடா வருடம் தங்கள் சொத்திலிருந்து கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு. ஆனால் அதை ஐம்பது ரூபாய்த் தாள்களாகப் பிரித்துக் கொடுத்தால் குறையாது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. சின்ன வயதில், ரமலான் 27ஆம் நோன்புக்கு முன்னால் வாப்பா வங்கியில் புது நோட்டுக் கட்டு வாங்கி வந்துவிடுவார். அன்று விடிந்ததிலிருந்து வாசலில் வரிசை நிற்கும். நானும் ராத்தாவும் (அக்கா) ஆளுக்கொரு தாளாக நீட்டுவோம். அடுத்த வருடமும் அதே முகங்கள்தான் வரும். அந்த வரிசை குறைந்து நான் பார்த்ததே இல்லை.

2008இல் இந்தோனேசியாவின் பசுருவான் நகரில், ஒரு வசதியான குடும்பம் இப்படித்தான் வீட்டு வாசலில் ஜகாத் கொடுத்தது. நெரிசலில் 21 பெண்கள் இறந்தார்கள். தலைக்குக் கிடைக்க இருந்தது சுமார் 30,000 ரூபியா, அன்றைய நம் கணக்கில் நூற்றைம்பது ரூபாய் போல. இத்தனைக்கும் ஜகாத்தை வாங்கிப் பகிர ‘பஸ்நாஸ்’ என்ற அரசு அமைப்பு அங்கே 2001 முதலே இருந்தது.

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைக் குர்ஆன் (9:60) சொல்கிறது. அதில் ஒரு வகை, ஜகாத்தை வசூலிக்கும் பணியாளர்கள். வசூலிக்க ஆள் வைத்து, அவருக்கு அதிலிருந்தே கூலியும் கொடுக்கச் சொன்ன ஏற்பாட்டை நாம் வாசல்படிக்குச் சுருக்கிவிட்டோம். எங்கள் கரையில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) பெரிய அறிஞர் இமாம் நவவி, 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்: கைத்தொழில் தெரிந்தவருக்கு அதற்கான கருவி வாங்கும் அளவுக்கும், வியாபாரிக்கு முதல் போடும் அளவுக்கும் கொடுக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடுகளின் ஜகாத்தை ஒன்றாகப் போட்டோம். முதல் வருடம் ஒரே ஒருவருக்குத்தான் கொடுத்தோம். இட்லிக் கடை வைத்திருந்த ஒரு விதவை. கடையில் வருவதெல்லாம் தண்டல்காரருக்கே போய்க்கொண்டிருந்தது. முதலில் கடனை அடைத்தோம் (கடனாளியும் அந்த எட்டில் ஒருவர்), அப்புறம் ஒரு கிரைண்டர். அடுத்த வருடம் அவரே ஜகாத் கொடுத்தார் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் வரிசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

சண்டையும் வந்தது. “எங்க அம்பது ரூபா எங்கத்தா?” என்று வழக்கமாக வருபவர்கள் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அவர்களுக்குச் சதக்காவிலிருந்து (விருப்பத்தின் பேரில் கொடுக்கும் தர்மம்) தனியாகக் கொடுத்தோம்.

அரசே பிடித்தால் சரியாகிவிடுமா? பாகிஸ்தானில் 1980இல் சட்டம் போட்டு, ரமலான் முதல் நாளன்று சேமிப்புக் கணக்குகளில் 2.5 சதவீதம் பிடிக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே கணக்கைக் காலி செய்வது அங்கே பலருக்குப் பழக்கமாகிவிட்டது. மலேசியாவில் கட்டிய ஜகாத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இன்னொன்று, எங்கள் பக்கம் சொத்தில் பெரும்பகுதி நகையாகத்தான் கிடக்கிறது. பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபி என்ற இன்னொரு மத்ஹபில் ஜகாத் உண்டு, ஷாஃபியில் பொதுவாக இல்லை. இந்த விவாதத்தை எங்கள் வீட்டில் ஆரம்பித்தால் உம்மா சமையலறைக்குப் போய்விடுவார்.

இப்போது முப்பத்தொரு வீடுகள். வாங்கியவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு, வரவு செலவைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுகிறோம். வாப்பா இன்னும் சேரவில்லை. இந்த ரமலானிலும் புது நோட்டுக் கட்டு வாங்க வங்கிக்குப் போனார்.