வாசகர் கேள்வி–பதில்: ஒலிப்பதிவுக் கூடத்தில் மைல்ஸ் டேவிஸ்

சென்ற இதழில் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸைப் (1926–1991) பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அவர் மேடையில் வாசித்ததைக் காட்டிலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றவர்களோடு சேர்ந்து இசைத்தட்டுகளை உருவாக்கிய விதத்தைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை அந்த ஒரு விஷயத்துக்கே இப்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு இரண்டே நாட்களில், ஒத்திகை எதுவும் இல்லாமல் பதிவானது என்கிறார்கள். இது உண்மையா, விற்பனைக்காகக் கட்டிய கதையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டு நாட்கள் என்பது உண்மை. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய நாட்களில், நியூயார்க்கின் கிழக்கு 30ஆம் தெருவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்த கூடத்தில் ஐந்து உருப்படிகளும் பதிவாயின. ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. பியானோ மேதை க்ளென் கூல்ட், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ தொகுப்பை 1955இலும் 1981இலும் பதிவு செய்ததும் அதே கூடத்தில்தான்.

ஒத்திகை இல்லை என்பதைத்தான் சற்று விளக்க வேண்டும். டேவிஸ் கொண்டுவந்தவை முழுமையாக எழுதி முடித்த பாடங்கள் அல்ல. இன்ன ஸ்கேலில் (சுரவரிசையில்) இத்தனை அளவு வாசிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே. ‘ஸோ வாட்’ என்ற முதல் உருப்படியை எடுத்துக்கொண்டால், 32 பார்கள் (தாள அளவுகள்) கொண்ட ஒரு சுற்றில் முதல் 16 பார்களுக்கு ஒரே ஸ்கேல், அடுத்த 8 பார்களுக்கு அதே ஸ்கேல் அரைச் சுரம் மேலே, கடைசி 8 பார்களுக்கு மீண்டும் பழைய இடம்; சட்டகம் அவ்வளவுதான். ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ இன்னும் தளர்வானது: ஐந்து ஸ்கேல்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை வாசிப்பவரே தீர்மானித்துக்கொள்ளலாம். அக்காலத்து ஜாஸில் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) பாருக்குப் பார் மாறிக்கொண்டே ஓடும். அந்த ஓட்டத்தைப் பிடிக்கும் அவசரத்தில் விரல்கள் பழகிய தடங்களிலேயே போய்விடும். கார்டுகளைக் குறைத்துவிட்டால் பழகிய தடம் உதவாது, வாசிப்பவர் அங்கேயே யோசித்தாக வேண்டும். நம் இசையில் மனோதர்மம் என்று சொல்வதோடு இதை முழுவதுமாக ஒப்பிட முடியாது என்றாலும், ஒரே ஸ்கேலுக்குள் நின்று விரித்துச் செல்லும் அந்த நிதானம் நமக்கு அந்நியமாகப் படாது.

அப்படியானால் தயாரிப்பு எங்கே நடந்தது? என் அபிப்பிராயத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் நடந்தது. ஒரு மூச்சில் எண்ணற்ற சுரங்களை அடுக்கும் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்கு அருகில், ப்ளூஸ் பாணியின் குதூகலம் குறையாத இன்னொரு சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியை நிறுத்தினார். இருவருக்கும் எதிராகத் தன் சிக்கனமான ட்ரம்பெட்டை வைத்துக்கொண்டார். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் சில மாதங்களுக்கு முன்பே குழுவைவிட்டு விலகியிருந்தார். குழுவின் அப்போதைய பியானோ கலைஞர் வின்டன் கெல்லி. இருந்தும் இந்தப் பதிவுக்காக எவன்ஸைத் திரும்ப அழைத்த டேவிஸ், ப்ளூஸ் நடையிலான ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ ஒன்றை மட்டும் கெல்லிக்குக் கொடுத்தார். பால் சேம்பர்ஸின் பாஸும் ஜிம்மி காப்பின் ட்ரம்ஸும் இவர்கள் அனைவரையும் தாங்கின. பதிவின்போது, வாசிப்பின் ஒலி மிகத் தணிந்து இருப்பதால் ஸ்னேர் ட்ரம்மின் அதிர்வுகூடக் கேட்கிறது என்று தயாரிப்பாளர் இர்விங் டவுன்ஸெண்ட் எச்சரித்ததும், அதுவும் இசையோடு சேர்ந்ததுதான் என்ற பொருளில் டேவிஸ் பதில் சொன்னதும் நாடாவில் பதிவாகியிருக்கின்றன. முன்கூட்டித் திட்டமிடாத ஒலியையும் ஏற்றுக்கொள்ளும் அந்த மனநிலை அவருடைய பிற்காலப் பதிவுகள் வரை தொடர்ந்தது.

கேள்வி: என்னிடமுள்ள பழைய ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டோடு சேர்ந்து கிட்டார் வாசித்தால் முதல் பக்கத்தில் மட்டும் சுருதி சேரவில்லை. கிட்டாரில் கோளாறா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: கிட்டாரில் கோளாறு இல்லை. மார்ச் 2 அன்று பிரதானப் பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடிவிட்டது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்டன. பாதுகாப்புக்காக அதே நேரத்தில் இன்னொரு கருவியில் எடுத்து வைத்திருந்த நாடாவைக் கொண்டு 1990களின் மறுவெளியீடுகளில்தான் இதைத் திருத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் மாணவர்கள் இதோடு சேர்ந்து வாசிக்க முயன்று, தங்கள் வாத்தியத்தைச் சந்தேகித்திருப்பார்கள்.

கேள்வி: கில் எவன்ஸ் என்ற பெயரும் அடிக்கடி வருகிறது. இவர் பில் எவன்ஸின் உறவினரா? டேவிஸின் இசைத்தட்டுகளில் இவருடைய பங்கு என்ன? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உறவு எதுவும் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டுமே. கில் எவன்ஸ் கனடாவில் பிறந்த இசைக்கோப்பாளர். 1940களின் பிற்பகுதியில், நியூயார்க்கின் மேற்கு 55ஆம் தெருவில் ஒரு சீனச் சலவைக்கடைக்குப் பின்புறம் இருந்த அவருடைய நிலவறை அறையில் இளம் இசைக்கலைஞர்கள் இரவு பகலாகக் கூடிப் பேசுவார்கள். ஃப்ரெஞ்ச் ஹார்ன், ட்யூபா என்ற ஊதுகருவிகளும் சேர்ந்த ஒன்பது பேர் குழு ஒன்று அந்தப் பேச்சிலிருந்து உருவானது. அதற்கான இசைக்கோப்புகளை கில் எவன்ஸ், ஜெர்ரி மல்லிகன், ஜான் லூயிஸ் முதலியோர் எழுதினர். ஆனால் யோசனையைச் செயலாக்கியவர் டேவிஸ்: அரங்குகளை வாடகைக்குப் பிடித்ததும், ஆட்களை ஒத்திகைக்கு வரவழைத்ததும், கண்டிப்போடு வேலை வாங்கியதும் அவர்தான் என்று மல்லிகனே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1949இலும் 1950இலும் கேபிட்டல் நிறுவனத்துக்காக மூன்று அமர்வுகளில் 12 பாடங்கள் பதிவாயின. அப்போது அவை பெரிதாக விற்கவில்லை; 1957இல் ‘பர்த் ஆஃப் த கூல்’ என்ற தலைப்பில் நீள்தட்டாக வந்த பிறகே பேசப்பட்டன.

அந்த 1957இலேயே இருவரும் கொலம்பியாவுக்காக ‘மைல்ஸ் அஹெட்’ தட்டை உருவாக்கினார்கள். 19 பேர் கொண்ட குழுவில் தனித்து வாசிப்பவர் டேவிஸ் ஒருவரே. அதுவும் ட்ரம்பெட்டை வைத்துவிட்டு, மென்மையான ஃப்ளூகல்ஹார்னில். பத்து உருப்படிகளும் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரும்படி எவன்ஸ் எழுதியிருந்தார். சில இடங்களில் டேவிஸின் வாசிப்பு பின்னர் தனியாகப் பதிவாகி, ஏற்கெனவே இருந்த குழுப் பதிவின்மேல் சேர்க்கப்பட்டது. எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் ஜாஸ் என்று பலரும் நினைத்த காலத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ இசைநாடகப் பாடல்களை இருவரும் எடுத்துக்கொண்டபோது, ஓரிடத்தில் எவன்ஸ் டேவிஸுக்குக் கார்டுகளையே எழுதாமல் ஒரு ஸ்கேலை மட்டும் கொடுத்தார். அது தனக்குக் கொடுத்த சுதந்திரத்தைப் பற்றி டேவிஸ் அப்போதே ஒரு நேர்காணலில் உற்சாகமாகப் பேசியிருக்கிறார். ஓராண்டுக்குள் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவாகிறது. எனவே தனியொருவரின் திடீர் ஞானோதயமாகச் சொல்லப்படும் அந்தத் தட்டுக்கு, இன்னொருவர் தாளில் எழுதாமல் விட்டவையும் காரணம் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: இத்தனை பேர் சேர்ந்து செய்ததற்கு அட்டையில் ஒருவர் பெயர் மட்டும் வருவது நியாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: எனக்கு நியாயமாகப் படவில்லை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் உள்ள ‘ப்ளூ இன் க்ரீன்’ உருப்படி தன்னுடையது என்று பில் எவன்ஸ் கடைசி வரை சொல்லிவந்தார். தட்டில் இருந்தது டேவிஸின் பெயர். பாடலின் தொடக்கத்தில் வரும் கார்டு நகர்வை அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வேறொரு பதிவில் எவன்ஸ் வாசித்திருக்கிறார் என்பதால், என் சாய்வு அவர் பக்கமே. டேவிஸுக்குச் சாதகமாகச் சொல்ல ஒன்று உண்டு: ஆட்களைத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு சொல்வது, எவ்வளவு சொல்லாமல் விடுவது என்று முடிவெடுப்பதும் படைப்புத்தான். ஆனால் அந்த வேலைக்கு அட்டையில் பெயர் போதும். பாடலின் உரிமை வேறு விஷயம், அதில் ஆயுள் முழுவதும் பணம் வரும்.

கேள்வி: ‘பிட்செஸ் ப்ரூ’ தட்டில் நாடாவை வெட்டி ஒட்டியிருக்கிறார்களாம். அப்படியானால் கலைஞர்கள் வாசிக்காத ஒன்றை வாசித்ததாகக் காட்டுவது ஏமாற்று இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: வெட்டி ஒட்டியது உண்மை, அதுவும் தாராளமாக. ஆனால் அதை ஏமாற்று என்று சொல்வதற்கு முன் பதிவு நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

1969 பிப்ரவரி 18 அன்று, ‘இன் எ சைலண்ட் வே’ என்ற தட்டுக்காக ஒரே அமர்வில் பதிவு நடந்தது. தலைப்பு உருப்படியை எழுதியவர் கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுல். அதன் கார்டுகளில் பெரும்பாலானவற்றை டேவிஸ் அகற்றிவிட்டு, ஒரே ஆதார சுரத்தின்மேல் மெட்டை நிற்க வைத்தார். இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்ளின் எப்படித் தொடங்குவது என்று தயங்கியபோது, கிட்டார் வாசிக்கவே தெரியாதவரைப் போல வாசிக்கும்படி டேவிஸ் சொன்னாராம். பிறகு தயாரிப்பாளர் டியோ மாசெரோ, பதிவின் தொடக்கப் பகுதியைப் படியெடுத்து அப்படியே இறுதியிலும் ஒட்டினார். கேட்பவருக்கு, புறப்பட்ட இடத்துக்கே இசைக்குழு திரும்பி வந்த நிறைவு கிடைக்கிறது. உண்மையில் அவர்கள் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 19, 20, 21 ஆகிய மூன்று நாட்களின் காலை நேரங்களில் ‘பிட்செஸ் ப்ரூ’ பதிவானபோது இந்த முறை இன்னும் விரிந்தது. ட்ரம்ஸில் ஒருவருக்கு இருவர், பாஸில் இருவர், மின் பியானோக்களில் இரண்டு மூன்று பேர், இவர்களோடு பாஸ் க்ளாரினெட் என்று பெரிய கூட்டம் அரைவட்டமாக உட்கார, நடுவில் டேவிஸ் நின்றார். ஒரு தாளக்கட்டு, பாஸுக்கு ஒரு வரி, சில சுரங்கள், அவ்வளவே அவர் கொடுத்தது. வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கைச்சைகையால் ஒருவரை நிறுத்துவார், இன்னொருவரை உள்ளே அழைப்பார். மாசெரோ நாடாவை ஓடவிட்டபடியே இருந்தார். ஓர் உருப்படிக்கான தாள நடை டேவிஸ் நினைத்தபடி அமையாதபோது, கைத்தாளங்கள் வாசிக்க வந்திருந்த டான் ஆலியஸ், நியூ ஆர்லியன்ஸ் திருவிழா ஊர்வலத்தில் கேட்ட ஒரு நடை தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வாசித்துக் காட்டினார். டேவிஸ் உடனே அவரை ட்ரம்ஸில் உட்கார வைத்துவிட்டார். ‘மைல்ஸ் ரன்ஸ் த வூடூ டவுன்’ அப்படித்தான் பிறந்தது.

பிறகு கத்திரியின் வேலை. ‘ஃபேரோஸ் டான்ஸ்’ என்ற இருபது நிமிட உருப்படியில் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள் உள்ளன. மிகச் சிறிய துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி, யாரும் வாசித்திராத ஒரு சொற்கட்டையே மாசெரோ உண்டாக்கியிருக்கிறார். அதை இயற்றிய ஸாவினுல், சில காலம் கழித்து நிறுவன அலுவலகத்தில் இந்தத் தட்டு ஒலிப்பதைக் கேட்டு, இது யார் இசை என்று விசாரித்ததாகவும், நீங்கள் வாசித்ததுதான் என்ற பதில் வந்ததாகவும் தாமே சொல்லியிருக்கிறார். மாசெரோ வெறும் தொழில்நுட்பக்காரர் அல்லர். ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் பயின்றவர், சாக்ஸஃபோன் கலைஞர், இசையமைப்பாளர். அதனால் அவரையும் அந்தக் குழுவில் ஒரு வாத்தியக்காரராகவே எண்ணுவது சரி. மற்றவர்கள் வாசித்து முடித்த பிறகு அவருடைய முறை வந்தது. இந்தக் கூட்டில் எனக்குள்ள ஒரே மனக்குறை, வாசித்தவர்களுக்கு முடிவில் எந்த வாக்கும் இல்லாமல் போனதுதான்.

கேள்வி: இந்த வட்டத்துக்கும் நம் ஊர் இசைக்கும் ஏதேனும் நேரடித் தொடர்பு உண்டா? (வாசகி, சென்னை)

பதில்: உண்டு, மெக்லாக்ளின் வழியாக. டேவிஸின் கூடத்தில் தயங்கி நின்ற அதே கிட்டார் கலைஞர், 1970களின் நடுவில் வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை நடத்தினார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் பிற்காலத்தில் அக்குழுவில் கஞ்சிரா வாசிக்கச் சேர்ந்தார். அவரும் இடம்பெற்ற ‘திஸ் மொமெண்ட்’ தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது.

கேள்வி: கடைசிக் காலத்தில் டேவிஸ் குழுவே இல்லாமல், தயாராக இருந்த பதிவின்மேல் வாசித்தார் என்கிறார்களே, அதைக் கூட்டுமுயற்சி என்று சொல்ல முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 1986இல் வந்த ‘டூடூ’வைக் குறிப்பிடுகிறீர்கள். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூடூவின் பெயரைத் தாங்கிய தட்டு அது. டேவிஸின் குழுவில் முன்பு பாஸ் வாசித்த மார்கஸ் மில்லர், பெரும்பாலான உருப்படிகளைத் தாமே இயற்றி, சின்தசைஸரிலும் ட்ரம் இயந்திரத்திலும் அடுக்கி, வேறு வாத்தியங்களையும் தாமே வாசித்து வைத்திருந்தார். டேவிஸ் அதன்மேல் ட்ரம்பெட் வாசித்தார். ஒரே அறையில் ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டு வாசிக்கும் சூடு இதில் இல்லை என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. இயந்திரத் தாளம் என் காதுக்கும் இன்று பழசாகத்தான் ஒலிக்கிறது. ஆயினும் மில்லர் எழுதிய இடைவெளிகளைக் கேளுங்கள். எங்கே ட்ரம்பெட் நுழையும், எந்த சுரத்தில் நின்றுவிடும் என்று பக்கத்தில் நின்று கேட்டறிந்த ஒருவர்தான் அப்படி இடம் விட்டு எழுத முடியும். அந்த வகையில், ‘மைல்ஸ் அஹெட்’டில் கில் எவன்ஸ் 19 பேரை வைத்துச் செய்த வேலையைத்தான் மில்லர் இயந்திரங்களை வைத்துச் செய்திருக்கிறார்.