மறு: கல்வட்டங்கள் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன
ஆய்வேட்டுக்காக ஒரே மேட்டில் 40 கல்வட்டங்களை, அதாவது பழங்காலப் புதைகுழிகளைச் சுற்றிக் கல் நட்ட வட்டங்களை, செல்பேசி ஜிபிஎஸ்ஸில் குறித்தீர்கள், புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன என்கிறீர்கள். ஏறத்தான் செய்யும். திறந்த வெளியிலேயே செல்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டும்; பக்கத்துப் பக்கத்து வட்டங்களுக்கு இடையே பல இடங்களில் அவ்வளவு தூரமே இருக்காது.

மேட்டின் நெடுக்கில் 50 மீட்டர் நாடாவை இழுத்துக் கட்டி, இரு முனைகளை மட்டும் ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மையத்தையும் நாடாவில் உள்ள இரு புள்ளிகளிலிருந்து அளந்தால் போதும். அந்தப் புள்ளிகள் மிக நெருங்கியிருந்தால் இரு அளவுக்கோடுகளும் சந்திக்கும் வெட்டுக்கோணம் குறுகிப் பிழை பெருகும். வட்டம் நாடாவுக்கு எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள், மாலையில் மறந்துபோகும்!

விட்டத்தை வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என இருமுறை எடுங்கள். கல் மண்ணில் நுழையும் இடமே கணக்கு. வெளியே சாய்ந்த கல்லின் உச்சியைப் பிடித்தால் வட்டம் பெரிதாகிவிடும். பதுக்கை (கற்பலகைகளால் ஆன புதைப்பெட்டி) வெளியே தெரிந்தால் பலகைகளின் தடிமனையும் இடுதுளையின் (பலகையில் குடைந்த துளையின்) திசையையும் விடாதீர்கள். திசைகாட்டிக்குப் பக்கத்தில் எஃகு நாடா கூடாது.

உழவில் பிடுங்கி வரப்பில் குவித்த கற்களையும் குறியுங்கள். இல்லாவிட்டால், அழிந்த இடத்தைப் பின்னால் ‘ஈமச்சின்னமே இல்லாத இடம்’ என்று எழுதிவிடுவீர்கள்.

கருப்பு-சிவப்புப் பானை ஓடு கிடந்தால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அங்கேயே விடுங்கள். தோண்ட இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும்.