ஓலை, சாயம், எங்க வீட்டுத் திண்ணை: கேட்டதுக்கெல்லாம் பதில்

சாயல்குடிக்குத் தெக்க, மூக்கையூர் போற ரோட்டுல எங்க ஊரு. இருபத்திரெண்டு வருஷமா வீட்டுலயே இருந்து பனை ஓலையில பெட்டி, கொட்டான், விசிறி, சுவத்துல மாட்டுற படம்னு செஞ்சிட்டு இருக்கேன். என்னோட வேலை, என் நாள், எனக்குப் புடிச்சதுன்னு ஆளாளுக்குக் கேட்டு அனுப்பியிருந்தீங்க, ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துட்டு மத்ததுக்கெல்லாம் இங்க பதில் சொல்றேன்.

திருவாடானை தங்கச்சி: அக்கா, வீட்டுலயே இருந்து வேலை பாக்குறீங்கல்ல, உங்க ஒரு நாள் எப்படிப் போகும்?

வெள்ளனமே நாலு மணிக்கு எந்திரிச்சிருவேன்மா. ராத்திரி பூரா கடக்காத்து ஈரத்தோட வீசியிருக்கும், அப்ப ஓலை நம்ம சொன்ன பேச்சைக் கேக்கும், வளைச்ச பக்கம் வளையும். கருப்பட்டிக் காப்பியைப் போட்டு பக்கத்துல வச்சிக்கிட்டு ஏழரை வரைக்கும் முடையிறதுதான் எனக்கு நாளுல நல்ல நேரம், யாரும் கூப்பிட மாட்டாக, போன் அடிக்காது. பங்குனி சித்திரையில பத்து மணிக்கு மேல அதே ஓலையைத் தொட்டீங்கன்னா சடக்குன்னு முறியும். அதனால பகல்ல முடையவே மாட்டேன், சமையல், துணி, பிள்ளைகளைக் கிளப்புறது எல்லாம் முடிச்சிட்டு உக்காந்து ஓலையை நீளவாக்குல கிழிச்சி வாருறது, அளவு பாத்து கட்டு கட்டுறது, ஆர்டர் எழுதுறது இதுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு காத்து திரும்பினதும் மறுபடி திண்ணைக்கு வந்துருவேன். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல கலர் வேலை பாக்க மாட்டேன், மறுநாள் வெயில்ல பாத்தா அது வேற கலரா நிக்கும்.

பரமக்குடி தம்பி: எந்த ஓலை எடுக்கணும்? விரிஞ்ச ஓலையில பெட்டி பின்ன முடியாதா?

முடியும் தம்பி, ஆனா அது கூரைக்கும் முரட்டுப் பெட்டிக்கும்தான் சரி வரும். நயமான வேலைக்குக் குருத்தோலைதான், அதாவது மரத்து நடுவுல மடங்கின விசிறி மாதிரி விரியாம நிக்கும் பாருங்க, அது. பனைக்கு உச்சியில ஒரே ஒரு முளைதான், பக்கத்துக் கிளையெல்லாம் கிடையாது, அந்த முளையில அருவா பட்டா மரமே பட்டுப்போயிரும். அதனால ஒரே மரத்துல திரும்பத் திரும்ப குருத்து வெட்டச் சொல்லாதீங்க. எனக்கு ஓலை இறக்கித் தர்ற அண்ணன் பதநீர் எறக்குற மரத்தைத் தொடவே மாட்டாரு, மரம் மாத்தி மாத்திதான் வெட்டுவாரு, அதுக்காகவே அவருக்கு ரெண்டு காசு கூடக் குடுக்குறேன்.

வெட்டினதை மூணு நாளு வெயில்லயும் ராத்திரி பனியிலயும் போட்டு எடுத்தா இளமஞ்சள் போயி வெள்ளையாகும். அப்புறம் நடுவுல ஓடுற ஈர்க்கைக் கிழிக்கணும். இதை எழுதிச் சொல்றது கஷ்டம், இருந்தாலும் சொல்றேன். ஓலையோட அடிப்பக்கத்தை இடது கை கட்டை விரலால அமுக்கிக்கிட்டு, கத்தி முனையை ஈர்க்குக்கும் ஓலைக்கும் நடுவுல லேசா விட்டு ஒரு விரக்கடை அளவுக்குத் தொறந்தா போதும். அதுக்கு மேல கத்தி வேண்டாம், ஈர்க்கைப் புடிச்சி உங்க பக்கமா இழுத்தா சர்ர்னு ஒரே சத்தமா நுனி வரைக்கும் வந்துரும். சத்தம் நடுவுல விட்டு விட்டு வந்தா ஓலை காய்ஞ்சி போச்சின்னு அர்த்தம், ஈரத்துணியில சுத்தி அரை மணி நேரம் வைங்க. எங்க அப்பத்தாவுக்குக் கடைசியில கண்ணு சரியாத் தெரியாது, அந்தச் சத்தத்தை வச்சே நல்ல ஓலை, மோசமான ஓலைன்னு பிரிச்சுப் போடுவாக.

தொண்டி, கல்லூரியில படிக்கிற பொண்ணு: இயற்கைச் சாயம் மட்டும் போட்டுச் செய்யலாமா?

செய்யலாம் கண்ணு, ஆனா வாங்குறவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டுச் செய்யணும். மஞ்சப்பொடி போட்ட ஓலை மொத நாளு தங்கம் மாதிரி இருக்கும், ஜன்னல் ஓரமா வச்சீங்கன்னா ஒரு மாசத்துல வெளுத்துரும், மஞ்சளுக்கு வெயில் ஆகாது. நம்ம கடக்கரை மணல்லயே இம்பூறல்னு ஒரு சின்னச் செடி மொளைக்கும், அதோட வேருதான் சாயவேர், அந்தக் காலத்துல துணிக்குச் செவப்பு ஏத்துனது அதுலதான், ராமேசுவரம் பக்கத்து வேருக்குத் தனி மதிப்பு இருந்துச்சு. நான் ரெண்டு தடவை ஓலைக்குப் போட்டுப் பாத்தேன், செங்கல் மாதிரி ஒரு செவப்பு வந்துச்சு, மனசுக்கு ரொம்பப் புடிச்சது. ஆனா ஒரு பெட்டிக்குச் சாயம் எடுக்க எத்தனை செடியைப் புடுங்கணும்னு பாத்ததுக்கப்புறம் விட்டுட்டேன்.

இப்ப கடையில விக்கிற சாயப்பொடிதான் போடுறேன். அண்டாவுல தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்சதும் பொடியைக் கரைச்சி ஊத்தி, ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு, ஓலைக்கட்டை முக்கி கால் மணி நேரம் பொரட்டி எடுத்து, நிழல்ல காயப்போடணும். வெயில்ல போட்டா பட்டை பட்டையா ஆயிரும். அலசுற தண்ணியைக் கிணத்துப் பக்கம் ஊத்தாதீங்க.

மண்டபம் அக்கா: மழை காலத்துல பெட்டி பூராம் பூசணம் பூத்துருது, என்ன செய்ய?

இதுல நான் பட்ட அடி பெருசுக்கா, அதையே சொல்லிடுறேன். ஒரு வருஷம் ஐப்பசியில வெளியூர்க் கடைக்காரவுக எறநூறு பெட்டி கேட்டாக. சொன்ன தேதிக்கு முடிச்சிட்டேன், அவுக வந்து எடுக்க பதினெட்டு நாளாச்சு. மழை நனைக்கக் கூடாதுன்னு நான் எல்லாத்தையும் பெரிய பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டி வச்சேன், அதுதான் தப்பு. நம்ம மாவட்டத்துக்கு மழையே ஐப்பசி கார்த்திகையிலதான், காத்துலயே ஈரம், அந்த ஈரத்தைப் பையில போட்டுப் பூட்டினா என்ன ஆகும். தொறந்தப்ப கறுப்புப் புள்ளி புள்ளியா எறநூறும். காசு வரல. அம்புட்டையும் கொல்லையில வச்சிப் பாத்துக்கிட்டு அன்னைக்குப் பூரா நான் சாப்பிடல.

அதுக்கப்புறம் பிளாஸ்டிக் பையை இந்த வேலைக்குள்ளயே விடுறதில்ல. பேப்பர்ல சுத்தி, துணிப்பையில போட்டு, அடுப்படி பரண் மேல வைங்க, அடுப்புச் சூடு போதும். மழை விட்ட அன்னைக்கு எடுத்து வெயில்ல ஒரு மணி நேரம் காட்டுங்க. லேசா பூத்திருந்தா காஞ்ச துணியால தொடச்சி வெயில்ல வச்சா போயிரும், கறுப்பா எறங்கிருச்சின்னா போகாது, மனசைத் தேத்திக்கிட்டு ஒதுக்கி வச்சிருங்க. ஐப்பசியில பெரிய ஆர்டர் எடுத்தா பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிருங்க.

கீழக்கரை அத்தாச்சி: ஒரு பெட்டிக்கு எவ்வளவு வெலை சொல்றதுன்னே தெரியல, சொன்னா "ஓலைதானே"ங்குறாக.

இந்தக் கேள்வியைத்தான் நெறைய பேரு கேட்டிருக்கீக. அத்தாச்சி, ஒரு வாரத்துக்குக் கடிகாரத்தைப் பாத்து எழுதுங்க. மூடி வச்ச ஒரு ஜாண் பெட்டிக்கு எனக்கு வாருறது, சாயம், முடையிறது, வாய் கட்டுறதுன்னு எல்லாம் சேத்து அஞ்சு மணி நேரம் ஆகுது. ஓலை நாப்பது ரூவா, சாயமும் வெறகும் பத்து ரூவா, மணிக்கு அறுபது ரூவான்னு வச்சாலும் கூலி முன்னூறு, மொத்தம் முன்னூத்தம்பது. நூத்தம்பதுக்குக் குடுத்தா ஓலை, சாயக் காசு போக நம்ம அஞ்சு மணி நேரக் கூலிக்கு நூறு ரூவாதான் நிக்கும்.

வீட்டுல இருந்து செய்யுறதுனாலதான் இதுக்குக் கூலியே இல்லைன்னு நெனைக்கிறாக, நம்மளும் அப்படியே நெனைச்சிப் பழகிட்டோம். சோறு பொங்குற நேரத்துக்கு நடுவுல செஞ்சாலும் அது வேலைதான். "சும்மா இருக்குற நேரத்துல பின்னுறேன்"னு வாங்குறவங்ககிட்ட சொல்லவே சொல்லாதீங்க, அந்த ஒரு வார்த்தையில பாதி வெலை போயிரும். உங்க ஊருல தொதல்ங்குற இனிப்பை வச்சிக் குடுக்குற சின்னப் பெட்டிக்கு எங்கிட்டயே ஆர்டர் வருது, அதுக்கு நான் பேரம் பேசுறதில்ல, சின்னது வேணும்னா சின்ன வெலை, அம்புட்டுதான்.

ராமேசுவரத்துல இருந்து ஒருத்தர்: பெட்டியில சிப்பி, பவளம் ஒட்டினா நல்லா போகுமே?

கரையில ஒதுங்குற சாதாரண மட்டி, சிப்பி சரி. பவளம் வேண்டவே வேண்டாம், 2001லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்து மொத அட்டவணையில சேத்துட்டாங்க, செத்து ஒதுங்கினதை வச்சிருந்தாலும் கேஸுதான். சங்குகள்லயும் தடை செஞ்ச சாதி இருக்கு, எதுன்னு தெரியாம தொடாதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் தேசியப் பூங்காவா வச்சிருக்குறதே இதையெல்லாம் காப்பாத்தத்தான். என் வேலைக்கு ஓலையே போதும்.

தேவிபட்டினம் மாணவன்: டிசைன் எங்கிருந்து புடிக்கிறீங்க? புடிச்ச கலர் என்ன?

புடிச்ச கலரு சாயமே போடாத ஓலைக் கலருதான் தம்பி, அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு வரி கருநீலம். நாலஞ்சு கலரு சேந்தா கண்ணு எங்க நிக்கணும்னு தெரியாம அலையும்.

டிசைன் எல்லாம் வெளியிலதான் கெடக்கு. வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியைப் பாருங்க, கட்டம் கட்டமா ஒண்ணுல வானம், ஒண்ணுல உப்பு, அதைப் பாத்துத்தான் என்னோட கட்டம் போட்ட பாய் வந்துச்சு. தனுஷ்கோடி போனா ரெண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் சத்தமில்லாம கெடக்கும், ஒரு பக்கம் அடிச்சிக்கிட்டே இருக்கும், பெண்கடல் ஆண்கடல்னு சொல்லுவாக. ஒரு விசிறியில பாதி நெருக்கமாவும் பாதி அலை மாதிரி எடுத்தும் முடைஞ்சேன், அது அந்தக் கடல்தான். குளிர்காலத்துல அங்க வர்ற பூநாரைக் கூட்டத்தை மட்டும் இன்னும் ஓலையில புடிக்க முடியல, அந்தக் காலு வர மாட்டேங்குது.

நான் செஞ்சதுல எனக்கு ரொம்ப நெருக்கமானது பழைய பாம்பன் பாலம். 1914ல தொறந்த பாலம், கப்பல் வந்தா நடுவுல ரெண்டு பக்கமும் கையைத் தூக்குற மாதிரி தூக்கிக்கிட்டு இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் தொறந்தாச்சு, அதுல நடுப்பாலம் அப்படியே நேரா மேல ஏறுது, அதுவும் அழகுதான். ஆனா சின்ன வயசுல எங்க அப்பா தோள்ல உக்காந்து பாத்தது அந்தத் தூக்கின ரெண்டு கைதான், அதைத்தான் மூணடி நீளத்துக்கு ஈர்க்குலயும் ஓலையிலயும் செஞ்சேன். ஒரு மாசம் ஆச்சு. வெலைக்குக் கேட்டாக, குடுக்கல, முன்வாசல்ல மாட்டியிருக்கேன்.

சென்னையில இருக்குற நம்ம ஊருப் பிள்ளை: உங்களுக்குப் புடிச்ச சாமான், சாப்பாடு, பாட்டு?

சாமான்னா என் கத்தி. எங்க தாத்தா பனையேறி, அவரு பாளை சீவுற அருவா தேஞ்சி போயிக் கெடந்துச்சு, அதைக் கொல்லுப்பட்டறையில குடுத்து அடிச்சி வாங்கினது. ரெண்டு விரல் அகலம்தான், புடி பனங்கட்டையில நானே போட்டது. வேற யாரையும் தொட விடமாட்டேன். சாப்பாடு, முண்டு மிளகாய் அரைச்சி ஊத்துன வெளமீன் குழம்பு, மறுநாள் சோத்துக்கு. பாட்டு, ரேடியோவுல எது வந்தாலும் சரி; சின்னப்புள்ளையில எங்க வீட்டுல இலங்கை வானொலிதான், கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து அம்புட்டு தெளிவா கேக்கும், அதுக்கே கை தாளம் பழகிருச்சு.

முதுகுளத்தூர் ஐயா: பனையே கொறஞ்சிட்டு வருதேம்மா, உங்க வேலைக்கு எத்தனை நாளைக்கு ஓலை கெடைக்கும்?

நீங்க சொல்றது சரிதாங்கய்யா. செங்கல் சூளைக்குன்னு வண்டி வண்டியா போனதை நானே பாத்திருக்கேன். 2021ல இருந்து கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லியிருக்கு, நம்ம மாநில மரமே அதுதான். ஆனா வெட்டாம இருந்தா மட்டும் பத்தாதுங்கய்யா, ஏறுறதுக்கு ஆளு வேணும், எங்க ஊருல அறுபது வயசுக்குக் கீழ ஏறுறவக மூணே பேருதான். ஆவணி புரட்டாசியில பழம் விழுந்ததும் கொட்டையைப் பொறுக்கி கண்மாய்க் கரையில நானும் பிள்ளைகளும் ஊனுறோம். அது பாளை விட பதினஞ்சு வருஷம் ஆகும், ஆனா குருத்து அதுக்கு முன்னாலயே கெடைக்கும், வடலியில, அதான் இளம் பனையில, கீழ நின்னே வெட்டலாம்.

உச்சிப்புளி தங்கச்சி: நான் புதுசா ஆரம்பிக்கணும், மொத என்ன செய்யட்டும்?

பெட்டியில ஆரம்பிக்காத கண்ணு. கொழந்தைக்குக் குடுக்குற கிலுகிலுப்பையில ஆரம்பி, அரை விரக்கடை அகலத்துல நாலு ஓலை போதும், உள்ள நாலு புளியங்கொட்டையைப் போட்டு மூடு. மொத பத்து கோணலாத்தான் வரும், பக்கத்து வீட்டுக் கொழந்தைகளுக்குக் குடுத்துரு, அதுக ஆட்டி ஆட்டிப் பிரிச்சிப் போடும், எங்க பிரியுதுன்னு பாத்தீன்னா எங்க இறுக்கலைன்னு உனக்கே தெரிஞ்சிரும். மாசி மாசம் நல்ல ஓலை வரும், அப்ப ஒரு நாளு வெள்ளனமே எங்க வீட்டுக்கு வா, ஒரு கட்டு தர்றேன்.