பால் மறந்த குட்டியாக விற்பதா, ஓராண்டு வளர்த்து விற்பதா?

கேள்வி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டனுக்கு அருகே உள்ள ஒரு பண்ணையில் நானும் இரண்டு நண்பர்களும் பங்கு சேர்ந்து தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்குதிரையை வைத்திருக்கிறோம். அதற்கு வயது எட்டு. பந்தயத்தில் இரண்டு முறை வென்றது. அதன் தலையீற்றுக் குட்டியைச் சென்ற நவம்பரில் விற்றுவிட்டோம். இந்த ஏப்ரலில், இனவிருத்திக்கு இவ்வாண்டுதான் வந்திருக்கும் ஒரு பொலிகுதிரையுடன் சேர்த்தோம். கட்டணம் 15,000 டாலர். சினை உறுதியாகிவிட்டது. வரும் நவம்பரில் தாயைச் சினையோடு விற்றுவிடலாமா, குட்டி பிறந்தபின் அதை மட்டும் விற்கலாமா, அப்படியானால் எந்த வயதில் விற்பது?

பதில்: தாயை இப்போது விற்க வேண்டாம். குட்டியை அடுத்த ஆண்டு நவம்பரில், பால் மறந்த குட்டியாக விற்பதற்கே திட்டமிடுங்கள். ஆனால் அந்த முடிவைக் குட்டியின் கால்கள் மாற்றக்கூடும் என்பதற்கு இடம் விட்டுவையுங்கள். இரண்டு வயதுவரை வைத்திருந்து ஓட்டிக்காட்டி விற்கும் ஏலத்தைப் பற்றி உங்கள் நிலையில் நினைக்கவே வேண்டியதில்லை. இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொலிகுதிரையின் நாட்காட்டியைப் பாருங்கள். புதிதாக வந்த பொலிகுதிரையின் முதல் குட்டிகள் அடுத்த ஆண்டு பிறக்கும். அதற்கடுத்த ஆண்டு செப்டம்பரில் ஓராண்டுக் குட்டிகளாக ஏலத்துக்கு வரும். மூன்றாம் ஆண்டில்தான் இரண்டு வயதுக் குதிரைகளாகப் பந்தயத்தில் ஓடும். அதுவரை அந்தத் தகப்பனைக் குறை சொல்ல எவரிடமும் சான்று இல்லை என்பதால், முதல் ஆண்டுக் குட்டிகளுக்குச் சந்தையில் ஒரு தனி வரவேற்பு உண்டு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் அந்த ஆர்வம் வடிகிறது. முதல் குட்டிகள் ஓடித் தோற்றுவிட்டால் விலை பாதியாகச் சரிவதும் உண்டு, வென்றால் எல்லாம் தலைகீழாவதும் உண்டு. இன்று அமெரிக்காவின் முதன்மையான பொலிகுதிரையான இன்டு மிஸ்சிஃப், 2009இல் ஸ்பென்ட்த்ரிஃப்ட் பண்ணையில் 12,500 டாலர் கட்டணத்துக்கு வந்தது. ஆரம்ப ஆண்டுகளில் ஆதரவு குறைந்து கட்டணம் 7,500 டாலர்வரை இறங்கியது. 2023இல் அதே குதிரையின் கட்டணம் 250,000 டாலர். இறங்கிய ஆண்டுகளில் அதனுடன் சேர்த்துக் குட்டியை வைத்திருந்தவர்கள் பெரும் பணம் பார்த்தார்கள். ஆனால் அப்படி ஏறும் ஒரு குதிரைக்கு இணையாக, பெயர் தெரியாமல் போன பல குதிரைகள் உண்டு. மூன்று பேர் ஒரே ஒரு தாய்க்குதிரையை வைத்து நடத்தும் தொழிலில், அந்தச் சூதாட்டத்தை ஆடாமல் தகப்பன் மேல் நம்பிக்கை முழுதாக இருக்கும்போதே விற்பதுதான் அறிவுடைமை. நவம்பர் ஏலமும் அதற்கடுத்த செப்டம்பர் ஏலமும் இரண்டுமே அந்தக் காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

தாயை வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், ஏலப் பட்டியலில் அதற்குரிய பக்கத்தில் இன்னும் எழுதப்படாத வரி ஒன்று இருப்பதே. ஏலப் பட்டியலில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் தாய், பாட்டி, அவற்றின் வழிவந்தவை என்று வரிசையாக இருக்கும். தரம் பெற்ற பெரிய பந்தயங்களில் வென்றவையும் இடம் பிடித்தவையும் தடித்த கறுப்பு எழுத்தில் அச்சாகும். வாங்குபவர்களின் கண் முதலில் அந்தக் கறுப்பைத்தான் தேடுகிறது. நீங்கள் விற்ற தலையீற்றுக் குட்டி அடுத்த ஆண்டு இரண்டு வயதில் ஓடத் தொடங்கும். அது ஒரு நல்ல பந்தயத்தில் வென்றால், வயிற்றில் இருப்பதற்கும் அதைச் சுமப்பதற்கும் விலை ஒரே நாளில் ஏறும். பெட்டர் தன் ஹானர் என்ற தாய்க்குதிரையின் மகன் ஜாசில் 2006இலும் மகள் ராக்ஸ் டு ரிச்சஸ் 2007இலும் அமெரிக்காவின் முப்பெரும் பந்தயங்களில் ஒன்றான பெல்மான்ட் ஸ்டேக்ஸில் வென்றார்கள். 2008 நவம்பரில் அந்தத் தாய் 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. உங்களுக்கு அப்படி நேரும் என்று சொல்லவில்லை. குட்டிகள் ஓடுவதால் தாயின் மதிப்பு எந்த அளவுக்கு அசையும் என்பதைக் காட்டவே சொல்கிறேன். அது எதிர்ப்பக்கமும் அசையும். ஓடும் வயதில் மூன்று குட்டிகள் இருந்தும் ஒன்றுகூட வெல்லவில்லை என்றால் தாயை வாங்க ஆள் வருவது கடினம். ஆகவே இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வியை மீண்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: பொலிக் கட்டணம் பெரும்பாலும் குட்டி பிறந்து, எழுந்து நின்று, பால் குடித்தபின்தான் செலுத்தப்பட வேண்டும், தாயைச் சினையோடு விற்றால் அது உடனே செலுத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த வரியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இனிச் செலவுக் கணக்கு. பண்ணை வாடகை நாளொன்றுக்கு 45 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தாயின் ஓராண்டுப் பராமரிப்பு 16,425 டாலர். பொலிக் கட்டணம் 15,000. பால் மறந்தபின் நவம்பர்வரை குட்டியின் பராமரிப்பு 60 நாட்களுக்கு 2,700. மருத்துவம், லாடக்காரர், பதிவு ஆகியவற்றுக்குச் சுமாராக 4,000. மொத்தம் 38,125. ஏல நிறுவனத்தின் பங்கும், உங்கள் சார்பில் குதிரையைக் கொண்டுபோய் விற்கும் முகவரின் பங்கும் சேர்ந்து 10 சதவீதம் என்றால், கைமுதல் திரும்பவே குட்டி ஏறத்தாழ 42,400 டாலருக்குப் போக வேண்டும். அதையே செப்டம்பர்வரை வளர்த்தால், மேலும் 300 நாள் பராமரிப்புக்கு 13,500, ஏலத் தயாரிப்புக்கும் எக்ஸ்ரே படங்களுக்கும் 5,000 என்று சேர்ந்து, முதல் திரும்புவதற்கான விலை ஏறத்தாழ 62,900 ஆகிவிடும். காப்பீட்டை இதில் சேர்க்கவில்லை. அப்படியானால் உங்கள் முன் நிற்கும் கேள்வி மிக எளியது: அந்தப் பத்து மாதம் இந்தக் குட்டியின் விலையை 20,000 டாலருக்கு மேல் உயர்த்துமா, மேய்ச்சல் நிலத்தில் வேலியில் மோதிக் கால் உடையும் ஆபத்தையும் ஈடுகட்டுமா?

அதைச் சொல்லக்கூடியவை கால்கள் மட்டுமே. நம் ஊர்ச் சந்தையில் மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்ப்பார்கள். தரோபிரெட் பதிவிலும் நெற்றிச் சுழியின் இடத்தை அடையாளத்துக்காகக் குறிப்பதுண்டு; ஆனால் விலையைத் தீர்மானிப்பது முன்னங்கால் முட்டியும் அதற்குக் கீழே உள்ள எலும்பின் நேர்த்தியும்தான். ஏப்ரலில் சேர்த்ததால் குட்டி ஏறத்தாழ 340 நாளில், மார்ச்சில் பிறக்கும். வட அமெரிக்காவில் எல்லாத் தரோபிரெட் குதிரைகளுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பதால், ஜனவரியில் பிறந்த குட்டிகளோடு ஒரே வயதாக அது நிற்க வேண்டியிருக்கும்; மார்ச்சுக் குட்டி இதில் பெரிதாகப் பின்தங்குவதில்லை, மே மாதக் குட்டிதான் பின்தங்கும். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்ததா என்பதையும், மறுநாள் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் போதுமான அளவு இருக்கிறதா என்பதையும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு முதல் மூன்று மாதங்களை ஒருபோதும் அசட்டையாகக் கழிக்காதீர்கள். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் வளர்ச்சி அந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது; அங்கே கோணல் இருந்தால் லாடக்காரரின் அரமோ அறுவைச் சிகிச்சையோ அதற்குள் வேலை செய்தாக வேண்டும். முட்டியின் கோணலுக்கு இன்னும் நீண்ட அவகாசம் உண்டு. மாதம் ஒருமுறை குட்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், மூன்று பங்காளிகளும் ஒரே சான்றைப் பார்த்துப் பேச முடியும்.

ஆகஸ்டு இறுதியில், பால் மறக்கும் தருவாயில், முகவர் இருவரை அழைத்துக் குட்டியைக் காட்டுங்கள். நேரான கால், அகன்ற மார்பு, நீண்ட தளர்வான நடை இருந்தால் நவம்பர் ஏலத்துக்கே அனுப்புங்கள். அங்கே உங்கள் குட்டியை வாங்குபவர்களில் பலர் அதைப் பத்து மாதம் வளர்த்து மறுபடி விற்கப்போகிறவர்கள். பின்ஹூக்கர் என்று அவர்களைச் சொல்வார்கள், கென்டக்கிப் புகையிலைச் சந்தையிலிருந்து வந்த சொல் அது. அவர்கள் தம் இலாபத்துக்கு இடம் விட்டுத்தான் விலை சொல்வார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இலாபத்தோடு பத்து மாத ஆபத்தையும் அவர்களே எடுத்துப்போகிறார்கள். குட்டி உருவில் சிறியதாக, ஆனால் கால் நேராக இருந்து, தாய்வழியில் வளர்ச்சி தாமதமாகவே வரும் என்று தெரிந்தால் மட்டும் செப்டம்பர்வரை காத்திருங்கள். திருத்தக்கூடிய கோணலைச் சரிசெய்து ஆறவிட வேண்டியிருந்தாலும் அப்படியே. திருத்த முடியாத கோணல் இருந்தால் காத்திருப்பதால் எதுவும் ஆகாது. வயது ஏற ஏற வாங்குபவரின் கண்ணும் கடுமையாகும்.

செப்டம்பர் என்று முடிவானால், லெக்சிங்டனில் உள்ள ஏல நிறுவனமான கீன்லேண்டின் செப்டம்பர் ஏலமே ஓராண்டுக் குட்டிகளுக்கு உலகின் மிகப் பெரிய சந்தை. ஆயிரக்கணக்கான குட்டிகள் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, நல்ல பக்கமும் நல்ல உடலும் உள்ளவை முதல் நாட்களில் விற்கப்படும். முதல் பகுதியில் கடைசியாக நிற்பதைவிட, இரண்டாம் மூன்றாம் பகுதிகளில் முன்னணியில் நிற்பது விற்பவருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. வாங்குபவரின் மருத்துவர்கள் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துவிட்டு, தொண்டைக்குள் குழாய்க் கருவி விட்டுக் குரல்வளை இரு பக்கமும் சமமாகத் திறக்கிறதா என்று சோதிப்பார்கள். அதனால் நீங்களே குளிர்காலத்தில் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மூட்டில் குருத்தெலும்புத் துணுக்கு இருந்தால் அப்போதே எடுத்துவிட்டு ஆற மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். மரத்தைப் பற்களால் கவ்விக் காற்றை விழுங்கும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் அறிவியுங்கள். மறைத்தால் குறித்த நாட்களுக்குள் குதிரை உங்களிடமே திரும்பி வரும். எலும்பைச் சீர்செய்வதாகச் சொல்லி இளங்குட்டிகளுக்குப் போடப்படும் பிஸ்பாஸ்பனேட் மருந்தைக் கிட்டேகூட விடாதீர்கள். 2019 முதல் பெரிய ஏலங்களில் வாங்குபவர் அதற்குச் சோதனை கேட்கலாம். அதைவிட, வளரும் எலும்பு தன்னைத் தானே புதுப்பிக்கும் வேலையை அது தடுக்கிறது என்பதே நான் அதை எதிர்ப்பதற்குக் காரணம்.

தயாரிப்பு 60 முதல் 90 நாள். பகலில் லாயத்திலும் இரவில் வெளியிலும் விட்டால் வெயிலில் மயிர் வெளுக்காது. தினமும் கையில் பிடித்து நடத்துவதும் அரைமணி நேரம் தேய்ப்பதும் போதும். மயிரின் பளபளப்பு வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். ஜென்யாட்டா என்ற பெண்குதிரை 2005 செப்டம்பரில் கீன்லேண்டில் தோலில் படர்தாமரையோடு நின்றது; 60,000 டாலருக்குப் போனது. பின்னர் 20 பந்தயங்களில் 19இல் வென்றது. வாங்கியவருக்கு அது பேரதிர்ஷ்டம். விற்றவரின் இடத்தில் நின்று பார்த்தால், ஒரு மாதம் முன்பே கவனித்திருக்க வேண்டிய தோல் நோய்.

இரண்டு வயது ஏலத்தை நான் ஏன் விலக்குகிறேன் என்றால், அங்கே குதிரையை ஒரு ஃபர்லாங் தூரம், அதாவது சுமார் 201 மீட்டர், முழு வேகத்தில் ஓட்டிக்காட்ட வேண்டும். பயிற்சியாளரின் செலவும் காயத்தின் ஆபத்தும் உங்கள் தலையில் விழும். 2006இல் த கிரீன் மங்கி என்ற குதிரை அந்தத் தூரத்தை 9.8 வினாடியில் ஓடிக்காட்டி 1 கோடியே 60 இலட்சம் டாலருக்கு விலைபோனது. பிறகு மூன்று பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் வெல்லவில்லை. மறுபக்கம் 17,500 டாலருக்கு ஓராண்டுக் குட்டியாக வாங்கப்பட்ட சியாட்டில் ஸ்லூ 1977இல் முப்பெரும் பந்தயங்களையும் தோல்வியே காணாமல் வென்றது. ஏல மேடையில் சொல்லப்படும் விலைக்கும் குதிரையின் திறமைக்கும் இடையில் இவ்வளவு தூரம் உண்டு. அந்தத் தூரத்தைக் கடக்கும் வரை குதிரையைத் தன் செலவில் வைத்திருக்கும் வசதி பெரிய பண்ணைகளுக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

கடைசியாக, குறைந்தபட்ச விலை. மூன்று பேரும் ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து, மேலே சொன்ன கணக்கை உண்மையான ரசீதுகளோடு போட்டு, எந்த விலைக்குக் கீழே குட்டியைத் திருப்பிக் கொண்டுவருவது என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். முந்தைய நாட்களில் எத்தனை பேர் குட்டியைப் பார்க்க வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை மருத்துவர்கள் படங்களைத் திறந்தார்கள் என்று முகவர் சொல்வார். இரண்டாம் முறை எவரும் வரவில்லை என்றால் அந்த விலையைக் காலையிலேயே குறையுங்கள். விலை எட்டாமல் குட்டி திரும்பினால் அது ஏலப் பதிவில் நிற்கும், அடுத்த ஏலத்தில் வாங்குபவர் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார், பதிவுக் கட்டணமும் திரும்பாது. அதுவரை உங்களுக்கு இப்போது இருக்கும் வேலை ஒன்றுதான்: சினையின் ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில், கருச்சிதைவை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான தடுப்பூசி தாய்க்குப் போடப்படுகிறதா என்று பண்ணையிடம் கேட்டு, அந்தத் தேதிகளை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.