கடல் ஏறுகிறதா, நிலம் இறங்குகிறதா?

கடலோர நகரங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகள், பதில்களுடன்.

கடல் மட்டம் உயர்வதால்தான் இந்தோனேசியா தன் தலைநகரை ஜகார்த்தாவிலிருந்து மாற்றுகிறதாமே?
– வாசகர், நாகப்பட்டினம்

பாதி உண்மை. அதுவும் சின்னப் பாதி.

உலகக் கடல் மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. ஜகார்த்தாவில் நிலம் இறங்கிய வேகமோ இடத்துக்கு இடம் ஆண்டுக்கு 1 முதல் 15 சென்டிமீட்டர். ஒன்று மில்லி, மற்றது சென்டி. பத்து வருடத்தில் கடல் ஏறுவது இரண்டு விரல் அகலம். மோசமான இடங்களில் அதே வேகம் நீடித்தால், அதே பத்து வருடத்தில் தரை ஓர் ஆள் கழுத்தளவு கீழே போயிருக்கும்.

நகரம் உட்கார்ந்திருப்பது 13 ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில். குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. அதனால் வீடு, ஓட்டல், ஆலை என்று ஆளாளுக்கு போர் போட்டு உறிஞ்சினார்கள். இளம் வண்டல் தானாகவும் அமுங்கும், கட்டடங்களின் பாரமும் அமுக்கும். ஆனாலும் முதல் குற்றவாளி மோட்டார்தான்.

வடக்கே முவாரா பாரு என்ற இடத்தில் கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு கான்கிரீட் சுவர் ஓடுகிறது. அலை ஏற்றத்தின்போது சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீர், இந்தப் பக்கத்துத் தெருவைவிட உயரம். சுவருக்கு வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பள்ளிவாசல், கைவிடப்பட்டுத் தண்ணீருக்குள் நிற்கிறது. சுவரை உயர்த்திக் கட்டினால் போதாதா என்றால், சுவர் நிற்பதும் அதே இறங்கும் மண்ணில்தான். அது வருடாவருடம் தன் உயரத்தை இழக்கும். இன்னொரு சிக்கல் மழைத் தண்ணீர். கடலைவிடத் தாழ்ந்த ஊரில் ஆறு தானாகக் கடலில் போய்ச் சேராது, பம்பு வைத்துத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். மழை கொட்டும்போது மின்சாரம் போனால், கடலைத் தடுக்கக் கட்டிய சுவரே ஊரைத் தொட்டியாக்கிவிடும்.

தலைநகர் மாற்றம் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது, 2022 ஜனவரியில் அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. போர்னியோ தீவில், கிழக்குக் கலிமந்தானில் எழும் புது நகரின் பெயர் நுசாந்தாரா. நெரிசலும், எல்லாமே ஜாவா தீவில் குவிந்திருப்பதும்கூட அதற்குச் சொன்ன காரணங்கள்தான். அலுவலகங்கள் போகலாம், ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் ஜகார்த்தாவில்தான் இருக்கப்போகிறார்கள். ஆகவே தலைநகர் மாற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 2023 ஆகஸ்ட் முதல் அங்கே குறிப்பிட்ட பகுதிகளில் பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுக்க விதித்த தடை.

தண்ணீர் எடுத்தால் நிலம் ஏன் இறங்க வேண்டும்? திரும்பத் தண்ணீரை உள்ளே விட்டால் எழும்பிவிடுமா?
– வாசகி, திருச்சி

டெல்டா மண்ணில் மணல் அடுக்கும் களிமண் அடுக்கும் மாறி மாறி இருக்கும். மேலே உள்ள பாரத்தை மண்துகள்கள் மட்டும் சுமப்பதில்லை, இடுக்குகளில் நிற்கும் தண்ணீரின் அழுத்தமும் ஒரு பங்கைச் சுமக்கிறது. மணலிலிருந்து நீரை இறைத்தால் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்டப் பக்கத்துக் களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வரும். தண்ணீர் சுமந்த பங்கு இப்போது களிமண் துகள்களின் தலையில்.

எவ்வளவு பாரம்? ஆழ்ந்த நீரடுக்கில் (நீர் தங்கும் மணல் அடுக்கில்) நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் கூடுதல் பாரம். ஒரு கான்கிரீட் கட்டடத்தின் ஒரு மாடியும் தோராயமாக அதே எடைதான். நீர்மட்டம் 30 மீட்டர் இறங்கிய ஊர், தன் தலையில் 30 மாடிக் கட்டடத்தை ஏற்றிக்கொண்ட ஊர். அதுவும் ஒரு மனையில் மட்டுமல்ல, ஊர் முழுக்க.

களிமண் துகள்கள் தட்டையானவை. தாறுமாறாகக் கொட்டிய சீட்டுக்கட்டைப் போல நிறைய இடைவெளியோடு கிடக்கும். பாரம் ஏறினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிடும். பிறகு தண்ணீர் விட்டால் அவை மறுபடி எழுந்து நிற்காது. மணல் கொஞ்சம் மீளும், களிமண் மீளாது. களிமண்ணில் நீர் கசிவது மிக மெதுவாக என்பதால், மோட்டாரை நிறுத்திய பிறகும் சில வருடங்களுக்கு இறக்கம் தொடரும். ‘தடை போட்டும் பலனில்லையே’ என்று அதிகாரிகள் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஆக, எழும்பாது. ஆனால் நிற்கும். ஷாங்காயில் 1921-லேயே இறக்கம் தெரியவந்தது. 1965-க்குள் மோசமான இடத்தில் 2.6 மீட்டர் போய்விட்டது. கிணறுகளில் பெரும்பங்கு பஞ்சாலைகளுடையவை, கோடையில் ஆலையைக் குளிர்விக்க அவற்றுக்கு நிலத்தடி நீர் தேவைப்பட்டது. எனவே இறைப்பைக் குறைத்ததோடு, குளிர்காலத்தில் சில்லென்ற நீரை அதே கிணறுகள் வழியே உள்ளே செலுத்தி, கோடையில் அந்தக் குளிர்ந்த நீரையே எடுத்தார்கள். நீரடுக்கும் நிரம்பியது, ஆலைக்கும் குளிர்ச்சி கிடைத்தது. இறக்கம் வெகுவாக அடங்கியது.

தோக்கியோ இன்னும் தெளிவான சாட்சி. அங்கே கோத்தோ வட்டாரத்தில் மொத்தம் சுமார் 4.5 மீட்டர் இறங்கியிருக்கிறது. 1945-ல் உலகப் போரில் ஆலைகள் அழிந்து இறைப்பு நின்றபோது இறக்கமும் ஏறத்தாழ நின்றது. ஆலைகள் திரும்பி வந்ததும் இறக்கமும் திரும்பி வந்தது. அதற்கு மேல் காரணத்தைப் பற்றி வாதாட என்ன இருக்கிறது? 1956-லிருந்து சட்டங்கள் போட்டு, ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து கொடுத்து, கிணறுகளை மூடினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நீர்மட்டம் பழையபடி ஏறியபோது, அது தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய உவேனோ நிலத்தடி ரயில் நிலையத்தை நீர் அடியிலிருந்து மேலே தள்ளத் தொடங்கியது. மிதந்து எழாமல் இருக்க 30,000 டன்னுக்கு மேல் இரும்பை அடியில் பாரமாக ஏற்றினார்கள். பிறகு நிலையத்தையே நங்கூரக் கம்பிகளால் கீழ்மண்ணோடு சேர்த்துக் கட்டினார்கள்.

எங்கள் ஊர் நிலம் இறங்குகிறதா என்று கருவி இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், கடலூர்

பழைய ஆழ்துளைக் கிணற்றைப் பாருங்கள். அதன் இரும்புக் குழாய் ஆழத்தில் கெட்டி மண்ணில் ஊன்றியிருக்கும். சுற்றிலும் தரை இறங்கினால் குழாய் மட்டும் அங்கேயே நிற்கும், அதைச் சுற்றிப் போட்ட சிமெண்டு மேடை அந்தரத்தில் தொங்கும். ஆழமான பைல் அஸ்திவாரக் கட்டடங்களிலும் அப்படியே: வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவே இடைவெளி விழும், புதுப் படி கட்ட வேண்டிவரும், கட்டடத்திலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாய் இணைப்பில் உடையும்.

ஒரே ஒரு வீட்டில் விரிசல் என்றால் ஊரைச் சந்தேகிக்காதீர்கள், அந்த வீட்டு அஸ்திவாரத்தைச் சந்தேகியுங்கள். ஊர் முழுவதும் சீராக இறங்கும்போது ஒரு விரிசலும் விழாமல் போகலாம். அதைக் காட்டுவது செயற்கைக்கோள் ரேடார். 5.6 சென்டிமீட்டர் அலைநீளக் கதிரை 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் அனுப்பி, திரும்பும் அலையின் மாறுதலைக் கணக்கிட்டு, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறக்கத்தைக்கூடப் பிடித்துவிடுகிறார்கள். துறைமுகத்தில் கடல் மட்டத்தை அளக்கும் அலைமானி இதற்கு உதவாது. அது தரையோடு சேர்ந்து இறங்குவதால் கடல் ஏறியதாகவே காட்டும்.

வட துருவத்தில் மிதக்கும் பனி முழுக்கக் கரைந்தால் சென்னை மூழ்குமா?
– வாசகர், ஆவடி

மூழ்காது. எலுமிச்சை ஜூஸில் மிதக்கும் ஐஸ் கரைந்து டம்ளர் வழிந்து பார்த்திருக்கிறீர்களா? பயப்பட வேண்டியது நிலத்தின் மேல் கிடக்கும் பனிக்கு. கிரீன்லாந்துப் பனி மொத்தமும் கரைந்தால் 7 மீட்டர். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். 2100-க்குள் உலகச் சராசரி உயர்வு, நாம் வெளிவிடும் புகையைப் பொறுத்து, சுமார் 30 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை என்பது இப்போதைய கணிப்பு.

வெனிஸ் நகரில் கடலுக்கே கதவு போட்டிருக்கிறார்களாமே. சென்னைக்கும் போடலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

வெனிஸ் ஒரு காயலுக்குள் இருக்கிறது. அந்தக் காயல் கடலோடு சேர்வது லிடோ, மலமோக்கோ, கியோஜா என்ற மூன்று முகத்துவாரங்களில் மட்டும். அங்கே 78 இரும்புக் கதவுகள், வயிற்றில் தண்ணீர் நிரம்பி, கடலடியில் படுத்திருக்கின்றன. அலை 110 சென்டிமீட்டரைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால், அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். கதவு கீலில் திரும்பி எழுந்து நிற்கும். 1966 நவம்பர் 4-ல் 194, 2019 நவம்பர் 12-ல் 187 சென்டிமீட்டர் ஏறிய ஊர் அது. கதவு முதன்முதலில் தடுத்தது 2020 அக்டோபர் 3-ல். செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். மூடியிருக்கும் நேரம் கப்பல் போக்குவரத்து தடைபடும். கடல் ஏற ஏற மூடும் நாளும் கூடும், காயல் நீரும் தேங்கும்.

சென்னை திறந்த கடற்கரை. கதவு மாட்ட நிலைப்படியே இல்லை. வெனிஸிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கதவைவிடப் பழையது: பக்கத்து மார்கெரா ஆலைகளுக்காக நிலத்தடி நீர் இறைத்ததில் நகரம் வேகமாக இறங்கியது. 1970-களில் அதை நிறுத்தினார்கள், அந்த இறக்கம் நின்றது.

எண்ணூர்ப் பக்கம் கடல் வீடுகளை விழுங்குகிறது. இதுவும் கடல் மட்ட உயர்வுதானே?
– வாசகர், திருவொற்றியூர்

முக்கியமாக இது மணல் கணக்கு. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே தேங்கிய மணல்தான் மெரினாவை அவ்வளவு அகலமாக்கியது. வடக்கே வரவு நின்றது, அலையின் செலவு நிற்கவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை கரைந்தது. கருங்கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும், அரிப்பு அதற்கு வடக்கே தள்ளிப்போகும். கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டு நீட்டும் தூண்டில் வளைவும் தன் தெற்குப் பக்கம் மணல் சேர்த்து, வடக்குப் பக்கம் பசியைத் தள்ளிவிடும். தேங்கிய மணலை அள்ளி வடக்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருப்பதுதான் நேரான வழி. ஒருமுறை செய்து ரிப்பன் வெட்ட முடியாத வேலை என்பதால் யாருக்கும் அதில் ஆர்வமில்லை.

இருபது வருடத்தில் எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி தாழ்ந்துவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?
– வாசகர், வேளச்சேரி

உங்கள் வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது. கேபிளுக்குத் தெருவைத் தோண்டும்போது பள்ளத்தின் ஓரத்தில் தார் அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் 4, 5 சென்டிமீட்டர் கூடும். அடுத்த முறை ரோடு போட வரும்போது சுரண்டச் சொல்லித் தெருவே சேர்ந்து கேட்பதுதான் மலிவான வைத்தியம்.

தூக்குவதானால் முதலில் பிளிந்த் பீம் (அஸ்திவாரத்துக்கு மேல், சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் விட்டம்) இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அடியில் சுவரைப் பகுதி பகுதியாகத் துளைத்து, இரும்புச் சேனல் செருகி, வரிசையாகத் திருகு ஜாக்கி வைத்து, எல்லா ஜாக்கியையும் ஒரே அளவு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரு மூலை முந்தினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பீம் இல்லாத பழைய சுவர் வீடு, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், தூண்களில் நிற்கும் பல மாடிக் கட்டடம் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் தொடாதீர்கள். தண்ணீர், கழிவுநீர், மின்சார இணைப்புகளை மறுபடி செய்வதும், உள்தளம் முழுக்க நிரப்பிப் புதிதாகப் போடுவதும் தனிச் செலவு. முதல் மதிப்பீட்டில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

மழையில் கழிவறை வழியே சாக்கடை எதிர்த்து வருவது மட்டும்தான் தொல்லை என்றால், தெருக் குழாயில் சேரும் கடைசித் தொட்டியில், நீரை வெளியே மட்டும் போகவிடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போதும். ஐப்பசிக்கு முன் திறந்து கழுவுங்கள். ஒரு துணித்துண்டு சிக்கினாலும் அது மூடாது.

எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. இன்னும் ஆழமாகப் போடலாமா?
– வாசகி, திருவான்மியூர்

கூடாது. கடலோர மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கும். மேலே 1 மீட்டர் இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு நாளடைவில் 40 மீட்டர் ஏறிவரும். ஆழம் போவது உப்பைத் தேடிப் போவது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் அளவுமீறி இறைத்து, உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி, மோட்டார் போட்டதும் ஒருமுறை, அரை மணி ஓடியபின் ஒருமுறை அளவெடுங்கள். ஓட ஓட ஏறினால் கீழிருந்து உப்பை இழுக்கிறீர்கள். அப்படியானால் சிறிய மோட்டார், இருபது நிமிட ஓட்டம், நடுவே சில மணி நேர ஓய்வு. குடிக்க டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லாதபோதும் 2,000-ஐத் தாண்டக் கூடாது.

கூடவே மொட்டைமாடி நீரை உள்ளே விடுங்கள். 1,000 சதுர அடி மாடியில், ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழைக்கு, சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். உங்கள் பகுதி மணலுக்கு 3 அடி விட்டம், 12 முதல் 15 அடி ஆழத்தில் உறைக்கிணறு போதும், உள்ளே ஜல்லி நிரப்பத் தேவையில்லை. முன்னால் ஒரு சிறிய வண்டல் தொட்டி கட்டாயம். மாடி நீரை நேராக போர் குழாயில் விடாதீர்கள், இலையும் தூசியும் சல்லடைக் குழாயை அடைத்து இரண்டே மழையில் போர் வீணாகும். குளியலறை நீரையும் இதில் சேர்க்க வேண்டாம். முதல் மழைக்கு முன் மாடியைப் பெருக்கி, முதல் பத்து நிமிட நீரை வெளியே விட்ட பிறகு வால்வைத் திருப்புங்கள்.